பிள்ளைகள் எழுதியதை வாசித்துவிட்டு என்ன சொல்வது? குடியாத்தம் பக்கத்து வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தில், குடியாத்தத்தை ஒட்டிய ஓர் ஊரில், கிளை நூலகத்துக்குப் பக்கத்து அறையில், சனிக்கிழமை மத்தியானங்களில் பிள்ளைகள் கூடுவார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. பெரும்பாலும் லுங்கித் தறி ஓட்டுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் ஒன்றிரண்டு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வந்து உட்கார்ந்து கதை எழுதுவார்கள், படம் வரைவார்கள், அதையெல்லாம் சேர்த்துத் தைத்து ஒரு கையெழுத்து இதழ் கொண்டு வருவோம். வாசகர் வட்டத்தின் சார்பில் அதைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. கூட ஓர் ஓவிய ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவரைப் பிள்ளைகள் எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை.

இந்த ஆய்வு ஒரு கதையையும் ஒரு படத்தையும் பற்றியது. கதை ஏழாம் வகுப்புப் பெண் எழுதியது. படம் ஐந்தாம் வகுப்புப் பையன் வரைந்தது. இரண்டுக்கும் பெரியவர்கள் என்ன சொன்னார்கள், சொன்னதற்குப் பிறகு அந்தக் கதைக்கும் படத்துக்கும் என்ன ஆனது, அதை எப்படி மாற்றினோம் என்பதை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளோடு உட்காருகிற நிறைய பேருக்கு இதே நிலைமைதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிற பிள்ளைக்குத் தெம்பு வருவது, தான் எழுதியது இன்னொருவருக்குள் போய்ச் சேர்ந்தது, அதுவும் எந்த இடத்தில் சேர்ந்தது என்று தெரியும்போதுதான். பாராட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடத்தைக் காட்டாவிட்டால் பிள்ளைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கதை

அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து, இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவள் ஆயா, அதாவது பாட்டி, பீடி சுற்றுகிறவர். முந்தின ராத்திரியே இலையை நனைத்து வைத்து, காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் முறத்தைப் போட்டுக்கொண்டு தூளை வைத்துச் சுற்றி நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால்தான் கூலி என்று கணக்கு. இந்தப் பக்கத்து வீடுகளில் இது தினமும் நடக்கிற வேலை, அதனாலேயே யாரும் எழுதமாட்டார்கள். அவள் எழுதியிருந்தாள். கதையின் நடுவில் இப்படி இருந்தது:

"கரண்ட் போச்சு. ஆயா நிக்கல, சுத்திகினே இருந்துச்சு. எப்படி ஆயா கண்ணு தெரியுதுன்னு கேட்டேன். விரலுக்குக் கண்ணு கீதுடி, நீ போய் படுன்னுச்சு."

மறுநாள், சுற்றின பீடியை வாங்கிக்கொள்கிற ஏஜென்ட் தன் வீட்டில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று அதில் கொஞ்சம் கழித்துவிடுகிறார். கதை அதோடு முடிந்துவிட்டது. எழுத்துப்பிழை நிறைய. ரகர றகரம், லகர ளகரம் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன, ஒரு முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. ஆனாலும் வாசித்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றைக்கு இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இருவரும் நல்ல மனிதர்கள், நல்லது செய்ய வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஒருவர் தாளைப் பாதிவரை பார்த்துவிட்டு, "ரொம்ப அருமைம்மா, எதிர்காலத்துல பெரிய எழுத்தாளரா வருவ, கைதட்டுங்க எல்லாரும்" என்றார். எல்லாரும் தட்டினார்கள். இன்னொருவர் சிவப்புப் பேனாவை எடுத்து வரிக்கு வரி திருத்தினார். ஆயா என்று எழுதாதே, பாட்டி என்று எழுது. சொல்லுச்சு என்பது மரியாதை இல்லை, கூறினார் என்று போடு. கதை என்றால் கடைசியில் ஒரு கருத்து வேண்டும், புகையிலை கெடுதல் என்றோ உழைப்பே உயர்வு என்றோ சேர்த்துக்கொள். அவர் சொன்னது எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் தலையாட்டினாள்.

இதழுக்கு அவள் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தபோது அந்த இடம் இப்படி ஆகியிருந்தது:

"மின்சாரம் தடைபட்டது. பாட்டி அயராது உழைத்தார். நாமும் பாட்டியைப் போல் கடினமாக உழைத்து வாழ்வில் முன்னேற வேண்டும்."

பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விரலுக்குக் கண் இருந்த வரி போய்விட்டது. அவள் அதை எடுத்ததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது; அந்த வரி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. பாராட்டியவரும் சொல்லவில்லை, திருத்தியவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சில சனிக்கிழமை வந்தாள், ஆனால் எழுதவில்லை. அட்டைக்குக் கோலம் மாதிரி பார்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தை நாங்கள் மூவரும் நிறையப் பேசினோம். பாராட்டும் திருத்தமும் ஒன்றுக்கொன்று எதிர் என்றுதான் வழக்கமாக நினைக்கிறோம், ஒன்று தட்டிக்கொடுப்பது, மற்றது குட்டுவது என்று. இந்தக் கதையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன: கதையை வாசிக்காமலே அதைக் கடந்து போயின. பெரிய எழுத்தாளர் ஆவாய் என்பதை எந்தக் கதைக்கும் சொல்லலாம். பாட்டி என்று போடு என்பதையும் எந்தக் கதைக்கும் சொல்லலாம். இந்தக் கதையை வாசித்தவருக்கு மட்டும் சொல்லத் தெரிந்த ஒன்று அந்த இரண்டிலும் இல்லை.

எதை மாற்றினோம்

தாத்தாதான் வழி சொன்னார். தபால்காரராக இருந்த காலத்தில் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு அவரே கடிதத்தை வாசித்துக் காட்டுவாராம். வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் ஒரு வரியைச் சொல்லி, "அத மறுபடி படிங்க" என்பார்களாம். "அப்படித்தாம்மா செய்யணும், நாம ஒண்ணும் சொல்ல வேணாம், எதை மறுபடி படிக்கச் சொல்றாங்கன்னு பாரு" என்றார்.

அந்தப் பெண்ணிடம் முதல் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். கணக்கு நோட்டுக்குள் இருந்தது. அவளே வாசிக்க வேண்டாம், அவளுக்குப் பிடித்த யாரையாவது வாசிக்கச் சொல்லட்டும் என்று விட்டோம். ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் கொடுத்தாள். அந்த அக்கா இந்த ஊர்ப் பேச்சிலேயே, கொஞ்சம் நாடகமாடி வாசித்தாள். முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்டோம்: எந்த இடத்த மறுபடி படிக்கச் சொல்லுவீங்க? பாதிப் பேர் ஒரே குரலில், "விரலுக்குக் கண்ணு கீதுடி!" சின்னப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த நூலை விரலால் சுற்றிப் பார்த்தான். அவள் அதைப் பார்த்தாள்.

அடுத்ததாக, கேட்டவர்களுக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பது என்ன என்று கேட்டோம். இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி உண்மையாக இருக்க வேண்டும். பதில் நமக்கே தெரிந்துகொண்டு கேட்கிற வாத்தியார் கேள்வியாக இருந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு பெண் கேட்டாள்: "கழிச்சுப் போட்டாரே, அப்ப உங்க ஆயா இன்னா பண்ணாங்க?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஆயாவிடம் கேட்டிருக்கிறாள். மூன்றாவது வடிவத்தில் இது வந்தது:

"கழிச்ச பீடிய ஆயா திருப்பிக் கேட்டுச்சு. அது எதுக்கு உனக்குன்னு கேட்டாரு. ஆயா சிரிச்சுச்சு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல."

இதற்கு யாரும் கருத்து சேர்க்கச் சொல்லவில்லை. கழித்த பீடிக்குக் கூலியும் கிடையாது, அந்தப் பீடியும் திரும்பி வராது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைப் பற்றிக் கட்டுரை எழுதினால் பத்துப் பக்கம் எழுதலாம். இவள் நான்கு வரியில் முடித்துவிட்டாள்.

எழுத்துப்பிழையை விட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள். விடவில்லை, தள்ளி வைத்தோம். கதை அவளுக்கே திருப்தியாகி, இதழுக்கு நல்ல பிரதி எடுக்கிற நேரத்தில்தான் பிழை பார்ப்பது. அதுவும் எல்லாப் பிழையையும் ஒரே நாளில் இல்லை, அடிக்கடி வருகிற இரண்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்வது. அவளுக்கு அந்த முறை ரகர றகரமும் முற்றுப்புள்ளியும். ஒற்று மிகுவது மிகாதது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதில் பெரியவர்களே தடுமாறுகிறோம். பென்சிலால் மட்டும்தான் குறிப்போம், அதுவும் ஓரத்தில். பிள்ளையின் வரிக்கு மேல் எழுதுவதில்லை.

பேச்சுமொழி விஷயத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஓவிய ஆசிரியர், பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போய்விடுமே என்று கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். கடைசியில் அந்தப் பெண்ணிடமே கேட்டோம். ஆள் பேசுகிற இடம் ஆள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும், நடந்ததைச் சொல்கிற இடத்தில் எது வேண்டுமோ நீயே வைத்துக்கொள் என்று சொன்னோம். தமிழில் கதை எழுதுகிறவர்கள் ரொம்ப காலமாக உரையாடலில் அவரவர் ஊர்ப் பேச்சை எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள், இதில் புதுசாக ஒன்றும் இல்லை. பரீட்சைத் தாள் வேறு, கதை வேறு என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை நாம் நினைப்பதைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறது. வீட்டில் ஒரு மாதிரியும் பள்ளியில் ஒரு மாதிரியும் பேசித்தானே வளர்கிறார்கள்.

ஒரு சிக்கல்

கதை நன்றாக வந்துவிட்டது, அதனால் இதழின் முதல் பக்கத்தில் போடலாம், நூலகச் சுவரிலும் ஒட்டலாம் என்று எல்லாருக்கும் உற்சாகம். 2022இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய தேன்சிட்டு இதழுக்கு அனுப்பலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அவள்தான் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஏஜென்ட்டு படிச்சா?"

எங்கள் மூவருக்கும் அது உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஊரில் ஆயாவுக்கு இலையும் தூளும் கொடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். கதையில் பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்று அவள் வீட்டு வரும்படியில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. நான் அவளிடம் மூன்று வழி சொன்னேன்: வெளியே காட்டாமல் இப்படியே வைத்துக்கொள்ளலாம், பெயர் இல்லாமல் போடலாம், ஊரையும் தொழிலையும் மாற்றி எழுதலாம். ஆயாவைக் கேட்டுவிட்டு வா என்றேன். ஆயா என்ன சொன்னாரோ தெரியாது, அவள் வந்து, தைத்த இதழில் பெயர் இல்லாமல் வரட்டும், சுவரில் வேண்டாம் என்றாள். அப்படியே செய்தோம். இந்தக் கட்டுரையில் அந்த வரிகளை எடுத்துப்போடவும் அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன்.

இதைச் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், நல்ல எழுத்தைப் பார்த்தவுடன் அதை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று பெரியவர்களுக்கு வருகிற அவசரம். அந்த அவசரத்தில் நமக்கும் கொஞ்சம் பெருமை இருக்கிறது, என் வகுப்புப் பிள்ளை, எங்கள் வட்டத்துப் பிள்ளை என்று. எழுதியது அவளுடையது, அதை யார் பார்க்கலாம் என்பதும் அவளே சொல்ல வேண்டியது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. சில சமயம் பிள்ளையின் கதையில் அடி, குடி, பயம் எல்லாம் வரும். எல்லாமே உண்மையாக இருக்காது, சினிமாவில் பார்த்ததாகவும் இருக்கும். ஆனால் உண்மையாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அங்கே வர்ணனை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் பேசக்கூடாது. அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, "இது உனக்கு நடந்ததாம்மா?" என்று கேட்க வேண்டும். அதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் சொல்ல வேண்டி வரலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் எதற்கு இருக்கிறது என்பது பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படம்

பையனுக்குப் பத்து வயது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும். அம்மனின் தலையைத் தெருத்தெருவாக ஊர்வலமாக எடுத்துப்போய்க் கோயிலில் உடலோடு சேர்த்து வைப்பார்கள், ரேணுகாதேவியின் கதையை ஒட்டிய வழக்கம் இது. கௌண்டன்யா ஆற்றங்கரையே நிரம்பி வழியும். பையன் அதை வரைந்திருந்தான். சிரசு வீடுகளைவிடப் பெரியது. கீழே ஆட்கள் எறும்பு அளவில் இருந்தார்கள். ஓர் ஓரத்தில் பலூன்காரர் மட்டும் வீட்டளவுக்கு நின்றார்.

பார்த்தவர்கள், "தலை இவ்ளோ பெருசா இருக்குமாடா?" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அவன் அழித்தான். சின்னதாகப் போட்டான், அதையும் அழித்தான். தாள் நடுவில் நைந்து ஓட்டை விழுந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வரைந்துகொண்டு வந்தான். அதை எல்லாரும் பாராட்டினார்கள்.

இந்த மலை, சூரியன், குடிசைப் படத்தைப் பற்றி எனக்குத் தனியாகவே ஓர் ஆதங்கம் உண்டு. வேலூரைச் சுற்றி இருப்பது பாறை மலை, உருண்டை உருண்டையாகக் கல், வெயிலில் தகிக்கிற கல். பிள்ளைகள் வரைவது பச்சை முக்கோணம். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. ஆனால் ஆறு வரை என்றால் நீலக் கிரேயான்தான் கையில் வரும். மணல் ஆற்றை வரைந்தால் தப்பு என்று அவர்களுக்கு யாரோ எப்போதோ சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஓவிய ஆசிரியர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியர், 2012இல் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர். அவர் ஒன்றை விளக்கினார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் 1947லேயே எழுதியிருக்கிறார்: ஏழிலிருந்து ஒன்பது வயது வரை பிள்ளைகள் எது முக்கியமோ அதைப் பெரிதாக வரைவார்கள், அளவைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள், ஒன்பதைத் தாண்டியதும் கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிட ஆரம்பித்து, தன் படம் சரியில்லை என்று தனக்கே தோன்றத் தொடங்கும். நிறைய பேர் வரைவதை நிறுத்துவதும் இந்த வயதை ஒட்டித்தான். பத்து வயதுப் பையன் சரியாக அந்த வாசலில் நிற்கிறான். ஏற்கெனவே அவனுக்குள் சந்தேகம், அதில் நாமும் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

அவர் பழைய ஓட்டைத் தாளை எடுத்து வரச் சொன்னார். பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டினார். பிறகு கேட்ட கேள்வி இதுதான்: "நீ எங்க நின்னுடா பார்த்த?"

"அப்பா தோள் மேல சார்."

"அங்கேர்ந்து பாத்தா எது கிட்ட இருந்துச்சு?"

"சாமி தல. மாலை என் மூஞ்சில பட்டுச்சு சார். பலூன்காரர் அப்பா பக்கத்துலயே நின்னாரு."

அப்படியென்றால் அவன் வரைந்த அளவு சரிதானே! அவன் நின்ற இடத்திலிருந்து சிரசு வீட்டைவிடப் பெரியது, பலூன்காரர் பெரியவர், தெருக்கோடி ஆட்கள் எறும்பு. குறைந்தது ஒன்றே ஒன்றுதான், எங்கிருந்து பார்க்கிறோம் என்பது பார்க்கிறவருக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. "நீ தோள் மேல இருந்தன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பையன் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு தாளின் அடி ஓரத்தில் கறுப்பாகச் சுருள் சுருளாக எதையோ வரைந்தான். அப்பாவின் தலைமுடி. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு சின்னக் கை.

ஆசிரியர் தன் பென்சிலை அந்தத் தாளில் ஒரு முறைகூட வைக்கவில்லை. கை எப்படிப் போடுவது என்று பையன் கேட்டபோதும் வேறொரு துண்டுத் தாளில்தான் போட்டுக் காட்டினார். பிள்ளையின் தாளில் பெரியவர் ஒரு கோடு போட்டாலும் அது பெரியவரின் படமாகிவிடும், அதற்கப்புறம் பிள்ளை அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவர் கட்சி. நான் முழுசாக ஒத்துப்போகிறேன்.

பரிசும் நட்சத்திரமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு இதழில் சிறந்த கதைக்கும் சிறந்த படத்துக்கும் பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று பரிசு கொடுத்துக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தினோம். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் நடத்திய ஒரு சோதனை இதற்குப் பொருத்தமானது. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு சும்மா விளையாடுகிற நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை.

அதற்காகப் போட்டியே கூடாது என்று சொல்லவில்லை. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, எங்கள் பிள்ளைகளும் போகிறார்கள், வட்டார அளவில் ஜெயித்துவிட்டு வந்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான். போட்டி ஓர் இடத்தில் இருக்கட்டும், போட்டி இல்லாத ஓர் இடமும் பிள்ளைக்கு வேண்டும்.

அறிவைப் பாராட்டாதே, உழைப்பைப் பாராட்டு என்பதையும் நிறைய பேர் சொல்கிறார்கள். 1998இல் மியூலரும் ட்வெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிரில் இடறியதும் சோர்ந்துபோனார்கள், முயற்சியைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து செய்தார்கள். சரி. ஆனால் அங்கே கொடுத்தது புதிர்கள். கதைக்கு அதை அப்படியே கொண்டுவந்து, "நல்லா கஷ்டப்பட்டு எழுதியிருக்கம்மா" என்றால் அதுவும் வெற்றுப் பாராட்டுதான். அந்தப் பெண் விரலுக்குக் கண் இருக்கிற வரியைக் கஷ்டப்பட்டு எழுதவில்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதினாள். அவளிடம் பாராட்ட வேண்டியது அந்தக் காதை.

எங்கே எடுபடவில்லை

எல்லாருக்கும் இது ஒத்துவந்தது என்று சொன்னால் பொய். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கவிதை எழுதுவான், அவனிடம் எந்த வரி மனதில் நின்றது என்றெல்லாம் சொன்னால் பொறுமை இழந்துவிடுவான். "அக்கா, அதெல்லாம் வேணாம், தப்பு எங்கன்னு சொல்லுங்க." அவனுக்கு நேராகச் சொல்ல ஆரம்பித்தோம்: இந்த வரி முந்தின வரியையே திருப்பிச் சொல்கிறது, இங்கே எதுகைக்காக ஒரு வார்த்தையை இழுத்துப் போட்டிருக்கிறாய். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். பதினாலு வயதில் சில பிள்ளைகளுக்கு, தன்னைப் பெரிய ஆளாக நடத்துவதுதான் ஊக்கம்.

வேறொரு பையன் எங்கோ படித்த வரிகளை எடுத்துத் தன் பெயரில் கொடுத்தான். அது அவன் வரி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. தாத்தா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வரி எனக்கும் பிடிக்கும்டா தம்பி, உனக்கு இது எதனால பிடிச்சுச்சு, அத எழுது" என்றார். அவன் எழுதியது அவ்வளவு பிரமாதமாக இல்லை. ஆனால் அவனுடையதாக இருந்தது, அடுத்த இதழுக்கும் எழுதினான்.

பெற்றோரையும் சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிற அப்பா ஒருவர் வந்து, "ராத்திரியெல்லாம் எழுதிகினே கீதும்மா, இதுல மார்க்கு எதுனா வருமா?" என்று கேட்டார். வரும் என்று சும்மா சொல்ல எனக்கு மனமில்லை. மகள் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். தறியில் நூல் அறுந்தால் அப்பா வாயில் வருகிற வசவு வரைக்கும் அதில் இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "இதையெல்லாமா கவனிக்குது?" என்றார். மார்க்கைப் பற்றி மறுபடி கேட்கவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார். அதுவும் சரியான பேச்சுதான், பிள்ளை தூங்க வேண்டாமா?

இப்போது புதிதாக உதவிக்கு வருகிற பெரியவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். வாய் திறப்பதற்கு முன் தாளை இரண்டு தரம் முழுசாக வாசியுங்கள். மறுபடி வாசிக்கத் தோன்றிய இடத்தைப் பிள்ளையிடம் விரலால் தொட்டுக் காட்டுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். பேனாவைப் பையிலேயே வைத்திருங்கள். அன்றைக்கு சிவப்புப் பேனா எடுத்தவரும் இப்போது வருகிறார், நல்ல பிரதி எடுக்கிற நாளில் பிழை பார்க்கும் வேலை அவருடையது, இரண்டு வகைப் பிழைக்கு மேல் போகமாட்டார், பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இப்போது எழுதுவது ஆயாவைப் பற்றி இல்லை, ஒரு பேய்க்கதை, மூன்று வாரமாக முடியவில்லை, இன்னும் யாருக்கும் காட்டவும் இல்லை.

இன்னும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் கிடைப்பதே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஞாயிறு காலையில், டியூஷன் தொடங்குவதற்கு முன், ஒரு மணி நேரம் நூலக அறையைத் திறந்து வைக்கலாமா என்று நூலகரிடம் கேட்டிருக்கிறோம். சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற மாதம் தொடங்குகிறோம்.